கத்தி இல்லாதவர்களுக்குக் கத்தி அனுமதி

அரசாங்கம் ஒரு நாள் கண்விழித்துப் பார்த்தபோது, தன் மக்கள் கத்தி கொண்டு போவதற்கு எந்தச் சட்டமும் இல்லாமல் இருப்பதைக் கண்டு வெட்கப்பட்டது. மற்ற நாடுகளில் எல்லாம் இருக்கிறது, நமக்கு மட்டும் இல்லையென்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? உடனே ஐந்து பேர் கொண்ட ஆய்வுக்குழு ஒன்று அமைக்கப்பட்டு, பதினோரு நாடுகளுக்கு ஏழு மாதப் பயணமாக அனுப்பிவைக்கப்பட்டது.

குழு மிகுந்த சிரத்தையோடு வேலை பார்த்தது. ஒரு நாட்டில் மடக்குக் கத்தி கூடாது, மடங்காத கத்தி வைத்துக்கொள்ளலாம். அடுத்த நாட்டில் மடங்காத கத்தி கூடாது, மடக்குக் கத்தி வைத்துக்கொள்ளலாம். ஒரு நாட்டில் மறைத்துக் கொண்டு போனால் குற்றம். இன்னொரு நாட்டில் வெளியே தெரிந்தால் குற்றம். ஒரு குளிர் நாட்டில் எல்லாரும் இடுப்பில் கத்தியோடு நடமாடினார்கள், யாரும் யாரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லாததால் குழு கடைவீதியைப் பார்வையிட்டுவிட்டுத் திரும்பியது.

எல்லா நாடும் அறிவுள்ள நாடுதான். ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை விட்டால் மரியாதைக் குறைவு அல்லவா? ஆகவே எல்லா நாடுகளின் தடைகளையும் கூட்டி ஒரே சட்டமாக்கினார்கள். அதன்படி மடங்கும் கத்தியோ மடங்காத கத்தியோ, மறைத்தோ மறைக்காமலோ, அனுமதி அட்டை இல்லாமல் தெருவில் கொண்டு போகக் கூடாது. உலகத் தரம் என்று பத்திரிகைகள் பாராட்டின.

நறுக்கக்காவுக்கு இது தெரியாது. அவளுக்குப் பத்திரிகை என்பது கீரைத் தண்டைக் கொட்ட விரிக்கிற தாள். பெரிய ஆஸ்பத்திரியின் சமையல் கூடத்தில் பன்னிரண்டு வருஷமாகக் காய் நறுக்குவதால் வந்த பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. நானூறு நோயாளிகள், அவர்களைப் பார்க்க வந்து சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்து போகாத உறவினர்கள், எல்லாருக்கும் அவள் கைதான். சமையல் கூடத்துக் கத்திகள் வெந்த உருளைக்கிழங்கைக்கூட யோசித்துத்தான் வெட்டும். அதனால் அவள் தன் கத்தியைக் காலையில் கொண்டு வந்து சாயங்காலம் கையோடு எடுத்துப் போவது வழக்கம். வைத்துவிட்டுப் போனால் மறுநாள் இருக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பஸ் நிறுத்தத்தில் ஒரு போலீஸ்காரர் அவள் பையைக் காட்டிக் கேட்டார்.

"உள்ளே என்னம்மா?"

"கத்தி."

போலீஸ்காரர் ஓரடி பின்னால் போனார். கேட்டால் எல்லாரும் ஒன்றுமில்லை என்பார்கள் என்றுதான் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"எதுக்கு?"

"வெட்டத்தான்."

"யாரை?"

"இன்னைக்குப் பூசணிக்காய்."

"அது இப்ப எங்க இருக்கு?"

"ஆஸ்பத்திரியில."

"ஏற்கெனவே ஆஸ்பத்திரியிலயா!" என்று அவர் குறித்துக்கொண்டார். "துணியில சுத்தி மறைச்சிருக்கீங்களே?"

"சுத்தலேன்னா பை கிழிஞ்சிடும் சார்."

"மறைச்சா, மறைச்ச குற்றம்."

"அப்ப கையில பிடிச்சுக்கிட்டுப் போகட்டுமா?"

"அது மிரட்டுற குற்றம்."

"பாதி மறைச்சு?"

"ரெண்டும் சேர்ந்துடும்மா."

கத்தி கைப்பற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் ஸ்டேஷன் இரண்டு தெரு தள்ளி இருந்தது. கத்தியை எடுக்க நீட்டிய கையைப் போலீஸ்காரர் சட்டென்று இழுத்துக்கொண்டார். "எனக்கு இன்னும் அட்டை வரலை. நான் தூக்கிட்டுப் போனா என் மேலயே கேஸ் ஆயிடும். நீங்கதான் எப்படியும் மாட்டிக்கிட்டீங்களே, நீங்களே எடுத்துட்டு வந்துடுங்க" என்றார். நறுக்கக்கா கைப்பற்றப்பட்ட கத்தியைக் கையில் ஏந்தி முன்னால் நடக்க, அவர் பத்தடி பின்னால் வந்தார். ஸ்டேஷனில் ஒரு ரசீது கொடுத்தார்கள்: 'கூர்மையான பொருள் ஒன்று, பூசணிக்காய் தொடர்பாக.'

அன்று ஆஸ்பத்திரியில் பூசணிக்காயைப் படிக்கட்டின் மேலிருந்து போட்டு உடைத்தார்கள். நாலு துண்டானதில் ஒன்று அலமாரிக்கு அடியில் போய்விட்டது. சமையல் கூட மேற்பார்வையாளர் அவளைவிட வயதில் சின்னவர். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நறுக்கக்கா, உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா இப்படி உடைச்சுப் போட்டா டாக்டருங்க என்னை உடைச்சிடுவாங்க. வெள்ளிக்கிழமை காலையில கத்தியோட வாங்க. இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்க்கணும்."

வேறு வேலை அவளுக்குத் தெரியாது. தெரிந்ததையும் படியிலிருந்து போட்டுச் செய்ய முடியாது.

வீட்டில் புருஷன்தான் வழி சொன்னான். அரசாங்க மாளிகை ஒன்றில் லிஃப்ட் இயக்குகிறவன். நாட்டு நடப்பு எல்லாம் மாடிக்கு மாடி அவன் காதில் விழும்.

"மூணாவது மாடியிலதான் அட்டை குடுக்கிறாங்க. நாலு மாசமா கூட்டம் தாங்கலை. கழுத்துல அட்டை இல்லாம இப்ப எவனும் லிஃப்ட்லயே ஏறுறதில்லை, தெரியுமா?"

"ஏங்க, ஊர்ல இத்தனை பேரா காய் நறுக்குறாங்க?"

"நீ ஒருத்தி!" என்று அவன் சிரித்தான்.

மறுநாள் வரிசையில் நின்றபோதுதான் அவன் சிரித்ததன் காரணம் புரிந்தது. இஸ்திரி கலையாத சட்டைகளும் வாசனைத் திரவியங்களுமாக வரிசை மாடிப்படி வரை வளைந்திருந்தது. அவளுக்கு முன்னால் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா கறுப்புக் கண்ணாடியோடு நின்றிருந்தாள்.

"உங்க கத்தியையும் பிடுங்கிட்டாங்களாம்மா?" என்று நறுக்கக்கா அக்கறையாக விசாரித்தாள்.

"கத்தியா? ஐயோ, பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும்! எங்க அடுக்குமாடியில எல்லாரும் அட்டை வாங்கிட்டாங்க, நான் மட்டும்தான் பாக்கி. லிஃப்ட்ல தலைகுனிஞ்சு நிக்க வேண்டியிருக்கு. நீல நாடாவா, சிவப்பு நாடாவா, எது எடுக்கப் போறீங்க?"

"எதுல காய் நல்லா நறுக்கலாம்?"

அந்த அம்மா கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

மத்தியானத்துக்கு மேல் நறுக்கக்காவின் முறை வந்தது. எழுத்தர் விண்ணப்பத்தை வாசித்துக்கொண்டே போனார். பெயர், வயது, உயரம். நாலாவது கேள்வியில் பேனா நின்றது.

"சொந்தமா கத்தி இருக்கா?"

"இருக்கு சார்."

எழுத்தர் பேனாவை மூடினார். "அப்ப உங்களுக்கு அட்டை கிடையாது."

"கத்தி வச்சிருக்கிறவங்களுக்குத்தானே சார் அட்டை?"

"அட்டை இல்லாம கத்தி வச்சிருக்கிறது குற்றம். குற்றம் செஞ்சவங்களுக்கு எப்படிம்மா அட்டை குடுக்கிறது? நாளைக்கு மேல இருக்கிறவங்க கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" அவர் வரிசையைப் பெருமையோடு காட்டினார். "அங்க பாருங்க. இத்தனை பேரு வாங்கியிருக்காங்க, ஒருத்தர்கிட்டயும் கத்தி கிடையாது. அதான் நம்ம சட்டத்தோட வெற்றி."

"என் கத்தி என்கிட்ட இல்லை சார். ஸ்டேஷன்ல இருக்கு."

"ஆனா உங்களோடதுதானே?"

எழுத்தர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி, "அது என்னோடது இல்லை, எப்பவும் என்னோடதா இருந்ததில்லைன்னு ஸ்டேஷன்ல ஒரு கடிதம் எழுதிக் குடுத்துட்டு வாங்க. அட்டை வாங்கினதுக்கு அப்புறம் புதுசா ஒண்ணு வாங்கிக்குங்க" என்றார்.

அவள் அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்தாள். அந்தக் கத்தியின் மரப்பிடி பன்னிரண்டு வருஷத்தில் அவள் விரல்கள் படியும் இடத்தில் பள்ளம் விழுந்து தேய்ந்திருந்தது. மேசைமேல் கிடந்த அதைப் பார்த்துக்கொண்டே 'எனக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று எழுதியபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போட்டதும் இன்ஸ்பெக்டர் கத்தியை எடுத்துத் தன் மேசை டிராயரில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை அட்டை கிடைத்தது. கழுத்தில் நீல நாடாவோடு நேரே பாத்திரக் கடைக்குப் போனாள்.

"நறுக்குறதுக்குக் கத்தி ஒண்ணு குடுங்கண்ணே. இதோ அட்டை."

கடைக்காரர் அட்டையைப் பார்த்து எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பிறகு சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "குடுப்பேம்மா. ஆனா கத்தின்னு பில் போட்டா அன்னைக்கே நான் ஆபீசுக்குத் தகவல் சொல்லணும். உங்களுக்குக் கத்தி இருக்குன்னு தெரிஞ்சதும் அவங்க அட்டையை ரத்து பண்ணிடுவாங்க. அட்டை ரத்தான பிறகு கத்தி வச்சிருந்தா கேஸ்."

நறுக்கக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். விடிந்தால் வெள்ளிக்கிழமை. கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"எழுந்திரும்மா. உறை ஒண்ணு வாங்கிக்கோ. தோல் உறை. பில்லுலயும் உறைன்னுதான் இருக்கும். உறைக்குள்ள என்ன இருக்குன்னு நான் பார்க்கலை, நீயும் வீட்டுக்குப் போய்த்தான் பார்க்கப் போறே."

"இதுல தப்பு ஒண்ணும் இல்லையே அண்ணே?"

"என்ன தப்பு? இந்த மாசம் மட்டும் அறுநூறு உறை போயிருக்கு. முன்னெல்லாம் மாசத்துக்கு நாலு கத்தி விக்கிறதே பெரும்பாடு. சட்டம் வந்த பிறகுதான் எனக்கு வியாபாரமே."

அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அறுநூறு என்பது அப்போது அவள் காதில் சரியாக ஏறவில்லை. வேலை பிழைத்தது என்பது மட்டும்தான் ஏறியது.

வெள்ளிக்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் அதே போலீஸ்காரர் நின்றார். அவள் பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டாள். ஆனால் அவர் நீல நாடாவைப் பார்த்ததும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"பையைப் பார்க்கலையா சார்?" வாய் சும்மா இருக்கவில்லை அவளுக்கு.

"அட்டை வச்சிருக்கிறவங்ககிட்ட கத்தி இருக்காதும்மா. அதான் சட்டமே. உங்க பையை நான் பார்த்தா அது அவமதிப்பு."

பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. நடுவில் கம்பியைப் பிடித்து நின்றாள். வண்டி முழுக்க நீலமும் சிவப்புமாக நாடாக்கள். ஆபீசுக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பெண்கள், மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு தபால்காரர். எல்லாரும் கௌரவமாக, பையை மார்போடு அணைத்தபடி இருந்தார்கள்.

குறுக்கே ஒரு நாய் ஓடியது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். ஆட்கள் முன்னால் சாய்ந்தார்கள், பைகளும் சாய்ந்தன, அத்தனை பைகளுக்குள்ளிருந்தும் ஒரே நேரத்தில் இரும்புச் சத்தம் கேட்டது.

எல்லாரும் அவசரமாகப் பையை இறுக்கிக்கொண்டார்கள்.

"டிபன் பாக்ஸ்" என்றார் தபால்காரர்.

"ஆமாம், டிபன் பாக்ஸ்தான்" என்றாள் ஒரு கல்லூரிப் பெண்.

"டிபன் பாக்ஸ்" என்று நறுக்கக்காவும் சொன்னாள்.

பன்னிரண்டு வருஷம் அவள் கத்தியோடு இதே பஸ்ஸில் போயிருக்கிறாள், தூங்கி வழிந்துகூடப் போயிருக்கிறாள். இன்று முதல்முறையாக அவளுக்குப் பயம் வந்தது. பக்கத்தில் நிற்கிறவர் ஏன் இப்படிப் பார்க்கிறார்? அவள் கை தானாகப் பைக்குள் போய் புதுப் பிடியைப் பற்றிக்கொண்டது. பூசணிக்காயின் நினைப்பே அப்போது அவளுக்கு இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். வண்டியில் இருந்த எல்லாருடைய கையும் அவரவர் பைக்குள் இருந்தது.

ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. இறங்கவேண்டுமானால் இத்தனை பேருக்கும் முதுகைக் காட்டவேண்டும். அவள் எல்லாரையும் பார்த்துச் சிரித்தபடியே, பின்பக்கமாக ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்கினாள்.

"திரும்பி இறங்கும்மா, விழுந்துடப் போறே" என்றார் கண்டக்டர்.

"பரவாயில்லைப்பா, எனக்கு இப்படித்தான் வசதி."

அவளுக்குப் பின்னால் தபால்காரரும் அப்படியே இறங்கினார். கண்டக்டர் தோல்பைக்குள் விட்ட வலது கையை வெளியே எடுக்காமலே விசில் கொடுத்தார்.