வழக்கு ஜெயிக்கும் தாயத்து

பாபநாசத்தில் அப்படி ஒரு கூட்டத்தைத் தேர்த் திருவிழாவில்கூடப் பார்க்க முடியாது, கண்ணுகளா! உழுகிற குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்த சமயம். ஊருக்கு ஊர் நில வழக்கு. வழக்கு முளைத்த இடத்தில் 'வழக்குச் சித்தரும்' முளைத்தார். தாலுகா ஆபீசுக்கு எதிரிலேயே பந்தல். தெய்வசக்திக்கும் ஆபீஸ் நேரம் உண்டு போலும்!

மஞ்சள் நோட்டீஸ் பறந்தது: 'தாயத்தைக் கட்டினார், வழக்கை ஜெயித்தார்! சாட்சி: மிராசுதார் சாரங்கபாணி.'

தாயத்துக்கு ஒரு பத்தியமும் உண்டு. கட்டியவர் விசாரணைக்குப் போகக் கூடாது. போனால் சக்தி இறங்கிவிடுமாம்.

குத்தகைக்கு உழுகிற மருதையன் தாயத்துக்குக் கையை நீட்டிவிட்டான். மறுநாள் அவனுக்கு விசாரணை. போகாவிட்டால், உழுத நிலம் போச்சு. மனைவி காத்தாயி அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இருங்க. ஏன் சாமி, ஜெயிச்சவரு பேரைப் போட்டீங்க. தோத்தவங்க பேரு எங்க?"

"என் தாயத்தைக் கட்டித் தோத்தவன் இன்னும் பொறக்கலை தாயே!"

காத்தாயி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "கட்டியும் கேசு தோத்தவங்க இருந்தா கையத் தூக்குங்கய்யா!"

முதலில் ரெங்கசாமி என்ற குத்தகைக்காரரின் கை மெல்ல எழுந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. அப்புறம் பந்தல் முழுக்கக் கைகள், எல்லாவற்றிலும் தாயத்து.

"தோத்துட்டு இங்க எதுக்குண்ணே வந்தீங்க?"

ரெங்கசாமி தலையைச் சொறிந்தார். "இன்னும் பலமான தாயத்து வாங்கத்தான் தங்கச்சி."

"யாருகிட்ட தோத்தீங்க?"

"சாரங்கபாணி ஐயாகிட்டதான்."

"நோட்டீஸ் சாட்சியா!" என்று யாரோ கத்த, பந்தலே சிரித்தது.

"அவரு விசாரணைக்குப் போனாரா?"

"வக்கீலோட போனாரு."

"நீங்க?"

"சாமிதான் போகாதேன்னாரே! ஆள் வரலைன்னு அவரு பக்கமே எழுதிட்டாங்க."

"இவனுக்கு நம்பிக்கை பத்தலை..." என்று சித்தர் ஆரம்பித்தார்.

"ரெண்டு பக்கமும் தாயத்து வித்தா ஒருத்தர் ஜெயிக்கத்தானே செய்வாரு சாமி? ஜெயிச்சவரு நோட்டீஸ்ல, தோத்தவரு மறுபடியும் உங்க வரிசையில!"

சித்தர் கும்பகோணம் பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். தன் கையில் ஒரு தாயத்து கட்டிக்கொள்ளவும் நேரமில்லை, பாவம்.

மறுநாள் மருதையன் பக்கத்து வயல்காரர்களைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு விசாரணைக்குப் போனான். அவன் பெயர் பதிவானது.

நோட்டீஸ் வந்தால் வாங்கிப் படியுங்கள், கண்ணுகளா. அதில் யார் பெயர் இல்லை என்றும் தேடுங்கள். எவன் எதை நீட்டினாலும் கட்டிக்கொள்ளக் கை இருக்கிறது நமக்கு. கழுத்துக்கு மேலே இருப்பதை யாரிடம் குத்தகைக்கு விட்டோம்?