மெயின் பாய்க்குக் கரண்ட் என்றால் பயம்

ஆனி மாதக் கடைசி வெள்ளி: என் மனைவி நுரையீரல் நோய்ப் பிரிவில் சேர்க்கப்பட்டாள்.

ஆடி முதல் செவ்வாய்: நோய் இனிக் குணமாகாது என்றும், இரவு பகலாக ஓடும் ஆக்சிஜன் இயந்திரம் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டால் அவளை அழைத்துச் செல்லலாம் என்றும் மருத்துவர் தெரிவித்தார். வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவள் சொன்னாள்.

புதன்: இயந்திரம் பொருத்துபவர் பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் பழைய வீட்டுக்கு வந்தார். சோதனைக்காகச் செருகினார். பிளக் பாயின்ட் புகைந்தது. எர்த் இல்லை, வயர்களின் உறை உதிர்கிறது, வயரிங்கை மாற்றாமல் இயந்திரத்தை வைக்க இயலாது என்று கூறி, அதைத் திரும்ப எடுத்துச் சென்றார்.

வியாழன்: மூன்று எலக்ட்ரீஷியன்களை அழைத்தேன். ஒருவர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஒருவர் வந்து, கூரையைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார். மூன்றாமவர் நாளை வருவதாகச் சொன்னார். அந்த நாளை இதுவரை வரவில்லை.

வெள்ளி மாலை: மெயின் பாய் வந்தார். வீட்டில் மின்சாரம் நின்றது.

தாமிரபரணிக் கரையில் வெளிச்சத்தைக் காட்டிலும் இருட்டை அதிகமாக உண்டாக்கிய எலக்ட்ரீஷியன் ஒருவர் உண்டென்றால், அவர் மெயின் பாய்தான். மேலப்பாளையத்துக்காரர்; அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கும் வயது. இயற்பெயரை அவருடைய ஆதார் அட்டை மட்டுமே அறியும். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், செருப்பைக் கழற்றுவதற்கு முன், நலம் விசாரிப்பதற்கு முன், அவர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் ஒன்றே: "மெயினை அமத்துங்க."

டார்ச் லைட்டுக்கு பேட்டரி மாற்றித் தரும்படி கேட்ட வீட்டிலும் அவர் மெயினை அணைக்கச் சொன்னதாக எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்புகிறேன்.

காரணம் எளியது. நாற்பது ஆண்டுகளாக எலக்ட்ரீஷியனாக வாழ்ந்துவரும் அவருக்கு மின்சாரம் என்றால் பயம். அதை அவர் மறைத்ததே இல்லை.

"கரண்டுக்குக் கண்ணு கிடையாது சார்வாள். வாத்தியாருன்னு பாக்காது, பாயின்னு பாக்காது. அது பாட்டுக்கு வரும், அடிச்சிட்டுப் போய்க்கிட்டே இருக்கும்."

மெயினை அமர்த்தினால் மட்டும் அவருக்கு மனம் அடங்காது. பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "பையில கிடந்தா எவனும் போட மாட்டாம்லா" என்பது அவருடைய நியாயம். அந்த நியாயத்தில் பிழையில்லை. பிழையெல்லாம் அதற்குப் பிறகுதான் நடக்கும்: பையில் ஃபியூஸ் கட்டை கிடப்பதை மறந்து அவர் புறப்பட்டுவிடுவார்.

ஒருமுறை குலவணிகர்புரத்தில் ஒரு வீட்டை இருளில் ஆழ்த்திவிட்டு, அப்படியே பத்தமடைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். அந்த வீட்டு அண்ணன் தம்பி இருவரும் பைக்கில் விரட்டிக்கொண்டு போய்ப் பந்தியில் அவரைப் பிடித்திருக்கிறார்கள்.

"பாய்! பீஸ் கட்டை எங்க வே?"

"எங்க போவும்? பைக்குள்ள பத்திரமா இருக்கு. பைய உக்காருங்க. ஏலே, இங்கன ரெண்டு எலையப் போடு!"

கோபத்தோடு போனவர்கள் பிரியாணி சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, கட்டையை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். ஃபிரிட்ஜில் இருந்ததெல்லாம் கெட்டுப்போயிருந்தது. இன்றும் அவர்கள் அந்தப் பிரியாணியைத்தான் பேசுகிறார்கள்.

இத்தகையவரிடம் என் மனைவியின் மூச்சை ஒப்படைக்க நேர்ந்தது. வேறு ஆள் வரவில்லை என்பதைத் தவிர அதற்கு நான் சொல்லக்கூடிய காரணம் ஏதுமில்லை.

எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு: முன்பு வேலை செய்த ஆளை வையாமல் புதிய வேலையைத் தொடங்கமாட்டார்கள். மருத்துவர்கள் முந்தைய மருத்துவரின் சீட்டைக் கண்டு புருவத்தை உயர்த்துவதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர்கள் வாயைத் திறப்பார்கள். மெயின் பாய் என் மனைவிக்கென ஒதுக்கிய பின்கட்டு அறையில் ஏணி போட்டு ஏறி, வயர் ஓடும் மரச்சட்டத்தின் மூடியைப் பெயர்த்தார். பிறகு தொடங்கினார்.

"ஏலே, எந்தக் கூறுகெட்ட மூதிலே இத வயர் பண்ணுனது? இது வயரிங்கா, குருவிக்கூடா? இவன் கையில வெளக்கமாத்தக் குடுத்திருந்தாக்கூட ஒழுங்காப் பெருக்கியிருக்க மாட்டான்!"

அப்போது என் மனைவி மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் இருந்தாள். வேலை எதுவரை வந்தது என்று கேட்பதற்காக நாள்தோறும் அழைப்பாள். எல்லோர் குரலும் கேட்க வேண்டும் என்பதற்காக நான் ஸ்பீக்கரில் போட்டு வைப்பேன். ஒரு மூச்சுக்கு இரண்டு மூன்று சொற்களே அவளால் பேச முடியும்.

"பாய்... அது நீங்க... போட்டதுதான்."

ஏணியின்மேல் அசைவு நின்றது.

"நானாக்கா?"

"சவுதிக்குப் போறதுக்கு... முந்தி. அந்த ரூம்ப... கட்டுனப்போ."

அவர் மூடியை மெதுவாகத் திரும்பப் பொருத்தினார். "அந்த பாயி வேற அக்கா. சின்னப் பய. அவனுக்கு என்ன தெரியும்?"

"டீ மட்டும்... நாளைக்கு மூணு வாட்டி... வாங்கிக் குடிச்சான்... அந்தப் பய."

"அவன வீட்டுக்குள்ள விட்டது உங்க தப்பு அக்கா" என்றார் மெயின் பாய்.

அன்றிலிருந்து அவர் எதையும் என்னிடம் கேட்கவில்லை. சுவிட்ச் எந்த உயரம், கட்டில் எந்தப் பக்கம், இயந்திரம் தலைமாட்டிலா கால்மாட்டிலா என்பதெல்லாம் அவளிடமே கேட்டு முடிவாயின. என்னுடைய பணி தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு ஏணிக்குக் கீழே நிற்பது.

வயர் பதிக்கச் சுவரில் தடம் வெட்டும்போது பழைய சுண்ணாம்புக் காரை மாவாக உதிர்ந்தது. அந்தத் தூசி அவளுக்கு விஷம். ஆகவே வெட்டும் வேலை முழுவதும் முடிந்து, வீட்டைக் கழுவிய பிறகே அவளை அழைத்து வர முடியும். அவளுக்கு அதிக நாள் இல்லை என்பது எனக்கும் மருத்துவருக்கும் தெரியும். பாய்க்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் சவுதியில் தாம் வயரிங் செய்த அரண்மனையைப் பற்றி அவர் பேசுவது சிறிது சிறிதாகக் குறைந்து, ஒருநாள் நின்றுபோனது. அந்த அரண்மனை அதுவரை ஒவ்வொரு முறையும் ஒரு மாடி உயர்ந்துகொண்டே வந்தது.

எர்த் போடுவதற்குப் பின்வாசலில் ஆழமாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டினார். அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் கிணற்றில் வாளியை இறக்கினேன்.

"கெணத்துத் தண்ணி ஆகாது சார்வாள். ஆத்துத் தண்ணி வேணும். தெருக்குழாயில பிடிச்சிட்டு வாங்க."

"எர்த்துக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்ன பாய்?"

"அல்வாவுக்கு மட்டும் ஏன் ஆத்துத் தண்ணி கேக்குதான்? சமாச்சாரம் இருக்குல்லா."

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். உப்பு மிகுந்த நீரில் மின்சாரம் எளிதாகக் கடக்கும் என்பதையும், அந்தக் கணக்கில் எங்கள் கிணற்றின் சவர்த் தண்ணீரே மேல் என்பதையும் படிப்படியாக விளக்கினேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார். "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒப்புக்கொண்டு, குடத்தை எடுத்து என் கையில் தந்தார். எங்கள் வீட்டு எர்த் தாமிரபரணித் தண்ணீரைக் குடித்தே வளர்ந்தது.

ஆவணியில் அவளை அழைத்து வந்தோம். அவளுடைய அறைக்குத் தனி லைன். மற்ற அறைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. இயந்திரம் ஓடத் தொடங்கிற்று. பாய் அறைக்குள் வரவில்லை. வாசல் நிலையில் காதை வைத்து அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஓடுதுல்லா?" என்று என்னிடம் கேட்டார். ஓடுகிறது என்றேன்.

புரட்டாசியில் ஒரு காலை, மழை பிடித்துக்கொண்டிருந்தபோது, மெயின் போர்டிலிருந்து கருகும் வாடை வந்தது. முந்திய நாள் நெடுநேரம் மின்சாரம் இல்லாததால் துணைக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்திருந்தது. மாற்று சிலிண்டர் மாலையில்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அக்கம்பக்கத்தில் வீடுகள் பூட்டிக் கிடந்ததால் அங்கிருந்து லைன் இழுக்கவும் வழியில்லை. பாய் ஆட்டோவில் வந்து இறங்கினார். செருப்போடு உள்ளே நுழைந்தார்.

"மெயினை..." என்றார். அறையிலிருந்து இயந்திரத்தின் சத்தம் கேட்டது. வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

போர்டைத் திறந்து பார்த்தார். அவளுடைய லைன் போகும் இடத்தில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. அதை இறுக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் இயந்திரம் நிற்கக் கூடாது; கரண்ட் இருக்கும்போதே இறுக்க வேண்டும். வேறு எந்த எலக்ட்ரீஷியனும் பேசிக்கொண்டே செய்துவிடும் வேலை.

மெயின் பாய் இரண்டு மரப் பலகைகளைக் கேட்டு வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். தம்முடைய ரப்பர் செருப்புக்கு மேலே என்னுடைய பெரிய செருப்பையும் மாட்டிக்கொண்டார். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியில் டேப்பைச் சுற்றினார், பார்த்தார், மறுபடியும் சுற்றினார். பிறகு கொல்லையிலிருந்து நைலான் கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து, ஈரம் போகத் துடைத்து, இடுப்பில் கட்டி, மறுமுனையை என்னிடம் நீட்டினார்.

"நான் துள்ளுனா என்னையத் தொட்டுராதீங்க. கயித்தப் பிடிச்சு ஒரே இழு. மரியாத கிரியாத பாக்காதீங்க சார்வாள், மாட்ட இழுக்க மாதிரி இழுங்க."

"சரி பாய்."

"பைய இழுத்துராதீங்க."

"இல்லை."

"இப்பமே இழுக்கீங்களே!"

என் கை அவரை இழுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. தளர்த்தினேன். அவர் பிஸ்மில்லா சொல்லிப் பலகைமேல் ஏறினார். அந்த மனிதரின் முதுகு முழுவதும் நடுங்குவதைக் கயிற்றின் வழியாக என்னால் உணர முடிந்தது. ஸ்க்ரூடிரைவர் அரைத் திருப்புத் திரும்பியது. இன்னும் கால் திருப்பு. வாடை நின்றது. இறங்கினார். இறங்கியவர் அப்படியே தரையில் அமர்ந்துவிட்டார்.

அறைக்குள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "பாய்... பயந்துட்டீங்களா?"

"பயமா? எனக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க."

"பின்ன... பல்லு ஏன்... தட்டுது?"

"அது வோல்டேஜு ஏறி எறங்குதுக்கா."

அவள் சிரித்தாள். சிரிப்பது அவளுக்குப் பெரும் செலவு. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதன் பிறகு அவள் சிரித்து நான் கேட்கவில்லை.

ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில், அவள் தன் கட்டிலில் இறந்தாள். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. உறவினர்கள் வந்தார்கள்; அழுதார்கள்; அதன் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேசினார்கள். அதை நிறுத்தலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பாய் வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, அவள் வீடு திரும்பிய பிறகு முதல் முறையாக அந்த அறைக்குள் நுழைந்து, என்னிடம் குனிந்து கேட்டார்:

"அமத்தட்டுமா சார்வாள்?"

எத்தனையோ வீடுகளை எவரையும் கேளாமல் இருட்டாக்கியவர் அவர். நான் தலையசைத்தேன். சுவிட்சை மிக மெதுவாக அமர்த்தினார்.

இப்போதும் வாரம் ஒருமுறை வருகிறார். மெயினை அமர்த்துகிறார், ஒரு சுவிட்சைக் கழற்றுகிறார், அதையே திரும்பப் பூட்டுகிறார். நடுவில் இருவரும் டீ குடிக்கிறோம். சவுதி அரண்மனை மீண்டும் உயரத் தொடங்கியிருக்கிறது. சென்னையிலிருந்து மகன் பேசும்போது, இத்தனை மாதமாகியும் முடியாத வேலைக்கு வேறு ஆள் பார்க்கக் கூடாதா என்று கேட்கிறான். இந்தப் பக்கத்தில் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

செய்யாமல் கிடப்பவை:

மாடிப்படி விளக்கு; மேலும் கீழும் சுவிட்ச்.

அடுக்களையில் புகை வெளியேற்றும் ஃபேன். வாங்கி வைத்தாயிற்று, பெட்டியைப் பிரிக்கவில்லை.

பின்வாசலுக்குக் காலிங் பெல். அந்த வழியாக யாரும் வருவதில்லை.

முன்னறையின் பழைய மரச்சட்டத்தை எடுத்துவிட்டுக் குழாய் பதிப்பது.

அவளுடைய கட்டிலுக்கு மேலே சுவரில் வெட்டிய தடத்தைப் பூசி வெள்ளையடிப்பது.

இவற்றில் எதற்கும் அவசரமில்லை என்று பாயிடம் சொல்லியிருக்கிறேன். தமக்கும் இல்லை என்றார்.