கடித்த தண்ணீர்

உருளைக்கிழங்கைச் சின்னச் சின்னதாக நறுக்கி, குண்டா நிறையத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள் அவள். ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் வேகவைக்க வேண்டும், டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்குக் கிழங்கை அப்படியே கொடுக்கக் கூடாது என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார்.

தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார் புருஷன்.

"கிழங்குக்கு ஒரு குண்டா. கட்டினவனுக்கு ஒரு பாட்டில். நடக்கட்டும்."

"கிழங்குக்கு மூச்சு வாங்காதுங்க."

அவர் மெஷினுக்குத் திரும்பிவிட்டார். போன வாரம் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே போன தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் நெஞ்சில் ஏறிவிட்டதாம். "அப்பா ஏன் அங்கேயே உக்காந்துட்டாரு?" என்று சின்னவள் கேட்டாள். அன்றிலிருந்து டீ, மாத்திரை எல்லாவற்றுக்கும் சேர்த்து நாளைக்கு ஒரு பாட்டில்தான். பாட்டில் அவள் பொறுப்பு.

முந்தாநாள் ஃப்ரிட்ஜ் பக்கம் கறுக் கறுக்கென்று சத்தம்.

"என்னங்க அது?"

"பல்லு."

"பல்லு எதைக் கடிக்குது?"

"ஐஸ்கட்டி. டாக்டர் தண்ணியக் குடிக்காதேன்னார். கடிக்காதேன்னாரா?"

"அதுவும் தண்ணிதானேங்க?"

"இத்தனை வருஷத்துல ஒரு நாள் தண்ணி போட்டிருப்பேனா? என்மேல போய் தண்ணிக் கேஸ் போடுறியே."

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. நாக்கு ஒட்டிக்கொள்கிறது, பாவம். டாக்டர் வேகவேகமாகச் சொன்னபோது இரண்டு பேருமே தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்தவர்கள்தான்.

நேற்று டயாலிசிஸ் அறை வாசலில் தயங்கித் தயங்கி நின்று, கடைசியில் நர்ஸம்மாவைக் கேட்டேவிட்டாள்.

"தாகத்துக்கு ஐஸ் நல்லதுதாம்மா. ஆனா வாயில உருகுறதெல்லாம் தண்ணிக் கணக்குதான்."

இன்றைக்குக் காலையிலிருந்து ஃப்ரிட்ஜ் கதவு திறந்து திறந்து மூடியது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெண்டாட்டி வழிக்கு வந்துவிட்டாள் என்று அவருக்கு ஒரே குஷி. பாட்டுகூட முணுமுணுத்தார்.

கிழங்கு வெந்துகொண்டிருக்கும்போது மறுபடி வந்தார்.

"பாட்டிலை எடு. காலையில ஒரு டீ, மாத்திரைக்கு ஒரு மடக்கு, அவ்வளவுதான் குடிச்சேன். பாக்கி அப்படியே இருக்கும்."

அவள் கையைக் காட்டினாள். பாட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"எங்கே என் தண்ணி?"

"டீக்கும் மாத்திரைக்கும் போக மீதிய நேத்து ராத்திரியே ஐஸ் தட்டுல ஊத்தி வெச்சுட்டேங்க. காலையிலேருந்து நீங்கதான் கடிச்சுக் கடிச்சுத் தீர்த்தீங்க."

அவர் பாட்டிலைப் பார்த்தார். ஃப்ரிட்ஜைப் பார்த்தார். திறந்த வாய் மூடவில்லை.

அவளுக்கே மனசு கேட்கவில்லை.

"சரி, மூஞ்சிய அப்படி வெச்சுக்காதீங்க. இப்படி ஆகும்னு ரெண்டே ரெண்டு கட்டி தனியா ஒளிச்சு வெச்சிருக்கேன். எங்கேன்னா, அந்த..."

"அம்மா, இங்க கொஞ்சம் வாயேன்," என்று சின்னவள் கூப்பிட, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவள் உள்ளே போனாள். அவர் ஃப்ரிட்ஜைத் திறந்து, அந்த ரெண்டு கட்டியைத் தேட ஆரம்பித்தார்.