உள்ளிப் பாத்தியில் ஒரு துவக்கு

துவக்கைக் கண்டு பயப்படாத யாழ்ப்பாணத்தார் குறைவு. ஆனால் கண்டவுடன் மண் கிண்டும் சவளைத் தேடி ஓடியவன் நான் ஒருவன்தான் என்பது என் மனைவி புஷ்பாவின் கருத்து. (இன்றுவரை அதை அவள் மாற்றிக்கொள்ளவில்லை.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், மல்வேர்ன் பகுதியில் ஜோர்ஜ் என்ற வெள்ளைக்காரக் கிழவரின் வீட்டு பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் அகதி விசாரணைக்கு ஒரு கிழமைதான் இருந்தது. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் சோறு இறங்காத நாட்கள். ஜோர்ஜ் மகள் வீட்டுக்குப் போகும்போது சாவியைத் தந்து, பூச்செடிகளுக்குத் தண்ணீர் விடச் சொன்னார். நான் வாளி தேடி ஒரு அலுமாரியைத் திறந்தேன். உள்ளே கம்பளியில் சுற்றிய துவக்கு. அதன் விசையில் ஒரு குட்டிப் பூட்டு!

ஊரில் நாங்கள் வீட்டைத்தான் பூட்டினோம். துவக்கு வைத்திருந்தவர்கள் எதையும் பூட்டியதாக ஞாபகம் இல்லை. ஆகவே இது கள்ளச் சாமான் என்று முடிவுகட்டினேன். அந்த நேரம் பார்த்துத் தெருவில் பொலிஸ் கார். பக்கத்து வீட்டில் பட்டப்பகலில் களவு போயிருந்தது. பொலிஸ்காரர் ஒருவர் வீடு வீடாகத் தட்டி விசாரித்துக்கொண்டு வந்தார்.

"புஷ்பா, ரவுண்டப்! சுத்தி வளைக்கிறாங்கள்! உதோட பிடிபட்டமெண்டால் நேரே பிளேனிலதான் ஏத்துவாங்கள்!"

"உது ஜோர்ஜின்ர சாமான். இருந்த இடத்தில வச்சிட்டுச் சும்மா இருங்கோ."

சும்மா இருந்தால் நான் நானா? ஊரில் ஆமி வந்தால், அகப்படக்கூடாததை எல்லாம் மண்ணுக்குள் தாட்டுத்தான் பழக்கம். (மாமா ஒருமுறை ரேடியோவைத் தாட்டார்.) கம்பளியோடு தூக்கிக்கொண்டு பின்வளவுக்கு ஓடினேன். கிண்டி, போட்டு, மூடி நிமிர்ந்தால், வேலிக்கு அப்பால் பொலிஸ்காரர்.

"என்ன நடுகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பனிக்காலம் வரப்போகிறது, என்னத்தை நடுவது? "உள்ளி," என்றேன்.

"சரியான நேரம். என் அம்மாவும் இப்போதுதான் நடுவார். ஆனால் பாத்தி இவ்வளவு நீளமா?"

"நாங்கள் நிறையச் சாப்பிடுவோம்."

மனிதர் போவதாக இல்லை. புஷ்பா முகத்தில் ஈயாடாமல் குசினியிலிருந்து உள்ளி கொண்டுவந்தாள். அவர் ஆலோசனை சொல்லச் சொல்ல, துவக்குக்கு மேல் ஒவ்வொரு பல்லாக நட்டேன். பிறகுதான் கள்ளனைக் கண்டீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஜோர்ஜ் திரும்பி வந்ததும் உண்மையைச் சொன்னோம். அவர் தலையில் கைவைத்தபடி படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மான் வேட்டைத் துவக்கு அது. சட்டப்படிதான் வைத்திருந்தேன். உள்ளே தோட்டா இல்லை, விசைக்குப் பூட்டு, தோட்டாக்கள் வேறு அறையில். தோட்டத்தில் புதைக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை!"

"அப்ப கள்ளன் வந்தால் என்ன செய்வீர்கள்? வீட்டைக் காக்க உரிமை இல்லையா?"

"உரிமை இருக்கிறது. அளவு மீறினால் கோர்ட்டில் பதிலும் சொல்லவேண்டும். எப்படியும் நான் சாவியைத் தேடி, தோட்டாவைத் தேடி முடிக்க, கள்ளன் தேநீர் குடித்துவிட்டுப் போயிருப்பான். நான் பொலிசைத்தான் கூப்பிடுவேன்."

விசாரணை நாள் வந்தது. எங்கள் வழக்கறிஞர் சொல்லித்தந்தது ஒன்றுதான்: உண்மையை மட்டும் சொல்லுங்கள். விசாரித்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"நீங்கள் எப்போதாவது துவக்கைக் கையில் தூக்கியதுண்டா?"

ஊரில் நான் தொட்டதே இல்லை. 'இல்லை' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"சிலோனிலோ, கனடாவிலோ?"

மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். வழக்கறிஞர் பேனையைக் கீழே வைத்தார். புஷ்பா கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அந்த அம்மா கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உள்ளி முளைத்ததா?"

எங்களை ஏற்றுக்கொண்டார்கள். இப்போது சொந்த வீடு. சாப்பிட்டாச்சோ என்று நான் கேட்டால்கூட, இங்கே பிறந்த பிள்ளைகள், "சிலோனிலோ, கனடாவிலோ?" என்கிறார்கள். பனிக்கு முன் வருடாவருடம் உள்ளி நடுகிறேன். கிடங்கை மட்டும் புஷ்பாதான் கிண்டுவாள். என் கையில் சவளைத் தருவதில்லை.