விசாரணை மிஸ்ஸி

யாழ்ப்பாணத்தில் ஒருவரைப் பார்த்த மூன்றாவது நிமிடத்தில் அவருடைய ஊர், தகப்பன் பெயர், தமையன் எந்த நாட்டில், தங்கைக்குக் கலியாணம் முடிந்ததா என்பதையெல்லாம் கறந்துவிடக்கூடியவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஆனால் பிறக்கவே பிறக்காத மனிதர்களின் குடும்ப விவரத்தை விசாரித்தவள் உலகத்திலேயே ஒருத்திதான். அவளுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. அதை நாங்கள் இரண்டாவது கிழமையே மறந்துவிட்டோம். எங்களுக்கு அவள் விசாரணை மிஸ்ஸி.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் நோயாளிகள் தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் ஒரு மிஸ்ஸிதான், பன்னிரண்டு வருடம் ஊசி போட்டவள். கணவர் கனடாவில். நானும் போவதற்கு விசா ஒரு பிரச்சினை இல்லை. ஆனால் அங்கே தாதியாக வேலை செய்ய உரிமப் பரீட்சை ஒன்றில் பாஸ் பண்ண வேண்டும். பாஸ் பண்ணாமல் போனால் கோப்பிக் கடையில் கோப்பை கழுவலாம். அது கேவலம் என்று சொல்லவரவில்லை. எனக்குக் கோப்பை கழுவப் பிடிக்காது, வீட்டிலேயே முணுமுணுத்துக்கொண்டுதான் கழுவுவேன். போனால் தாதியாகத்தான் போவேன், இல்லாவிட்டால் இல்லை என்று கணவரிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். சொன்ன கையோடு முதல் தடவை எழுதிக் கோட்டையும் விட்டிருந்தேன்.

இரண்டாவது தடவைக்காக ஐந்து பேர் சேர்ந்தோம். திருநெல்வேலியில், பலாலி வீதியோரம், பிள்ளைகளுக்குத் தனியார் வகுப்பு நடத்தும் ஒரு ரியூட்டரியின் மேல்மாடி. ஞாயிறு காலை. கீழே சாதாரண தரக் கணித வகுப்பு ஒலிபெருக்கியில் நடக்கும், அதனால் எங்களுக்கு இருபடிச் சமன்பாடும் சேர்த்தே பாடமாகிவிட்டது. புத்தகம் தலையணை அளவு. போட்டோக்கொப்பிக் கடைக்காரர் அதை ஐந்து துண்டாக்கிக் கட்டித் தந்தார். இதயம் சுன்னாகத்துக்குப் போனது. சிறுநீரகம் கொக்குவிலுக்கு. மூளையைக் கொண்டுபோனவர் அடுத்த கிழமையே குழுவை விட்டு நின்றுவிட்டார். அந்த வெற்றிடத்துக்குத்தான் குருநகரிலிருந்து இவள் வந்து சேர்ந்தாள். கடைசிவரை நாங்கள் மூளை இல்லாமல்தான் படித்தோம்.

குழுவை நடத்தியவர் ராசன் அண்ணை. அவரும் தாதிதான், சாவகச்சேரிக்காரர். கேள்விக்கு ஒன்றரை நிமிடம் என்று போனில் நேரம் வைத்துக்கொண்டுதான் வாசிப்பார். இவள் வந்த முதல் நாள், முதல் கேள்வி இதுதான்: அறுபத்தெட்டு வயது ஆண், இதயம் பலவீனம், இரண்டு நாளில் இரண்டு கிலோ நிறை கூடியிருக்கிறது, கால் வீங்கியிருக்கிறது, மூச்சு முட்டவில்லை. தாதி முதலில் என்ன செய்வார்?

"டொக்டருக்கு அறிவிப்பன்" என்றேன் நான், அவர் வாசித்து முடிக்கமுதல்.

புதிதாக வந்தவள் கையை உயர்த்தினாள். "அண்ணை, உவர் எவ்விடம்?"

"ஆர்?"

"உந்த அறுபத்தெட்டு வயதுக்காரர்."

"அவர் ஒரு இடமும் இல்லை, பிள்ளை. கேள்வியிலை இருக்கிறவர்."

"கேள்வியிலை இருந்தாலும் ஒரு வீடு வாசல் இருக்கும்தானே. மனிசி இருக்கிறாவோ, மோசம் போட்டாவோ?"

"அது கேள்வியிலை இல்லை."

"அப்ப ஆர் அண்ணை சமைக்கிறது?"

ராசன் அண்ணை போனைக் கீழே வைத்தார். "சமையலுக்கும் உந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம்?"

"மனிசி இல்லையெண்டால் மகள் வீட்டுச் சாப்பாடு. மகள் பாவம், வேலைக்குப் போறவள். கருவாட்டைப் பொரிச்சு வைச்சிட்டுப் போயிருப்பாள். ரெண்டு நாளும் மனிசன் உப்பைத்தான் திண்டிருக்கிறார். முதல்லை என்ன சாப்பிட்டவர் எண்டு கேக்கவேணும்."

விடையைப் பார்த்தோம். நோயாளி அண்மையில் உட்கொண்ட உணவுபற்றி விசாரித்தல் என்று இருந்தது. குருட்டு வாய்ப்பு என்று நான் முடிவு கட்டினேன். ஒன்றரை நிமிடக் கேள்விக்கு இருபத்தைந்து நிமிடம் போனதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

அன்றைக்கே அந்த மனிதரை அவள் பண்டத்தரிப்பில் குடியேற்றினாள். வெங்காயச் செய்கைக்காரர், பெண்சாதி இல்லை, வேலையில் இடமாற்றம் கேட்டு எழுதிப்போட்டிருக்கும் ஒரு மகள். அடுத்த கிழமை நீரிழிவுக்காரி ஒருத்தி நல்லூரில் வீடு எடுத்தாள். கேள்வியில் வரும் வெள்ளைக்காரப் பெயர்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு மாதத்தில் வலிகாமம் முழுவதும் எங்கள் நோயாளிகள். கேள்வி வாசிக்கும்போதே ராசன் அண்ணை வாய் தவறி, "எங்கடை பண்டத்தரிப்பாருக்குத் திரும்பவும் கால் வீங்கியிருக்கு" என்பார். இருபத்தேழு வயது ஆஸ்துமாக்காரிக்கும், குடல்வால் வெட்டிய ஓர் இளைஞனுக்கும் அவள் சம்பந்தம் பேசத் தொடங்கியபோது நான் பொறுமை இழந்தேன்.

"உனக்கு விசரோ?" என்றேன்.

"ஏனக்கா, நல்ல பொருத்தம். பெடியனுக்குக் குடல்வாலும் எடுத்தாச்சு. இனி ஒரு வில்லங்கமும் வராது."

இன்னொரு நாள், பொட்டாசியம் கூடிய பழம் எது என்று ஒரு கேள்வி. வாழைப்பழம் என்று எழுதிவிட்டு எல்லோரும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம். அவள் மட்டும் அசையவில்லை. எந்த வாழைப்பழம் என்று தெரிய வேண்டுமாம். இடைவேளையில் சந்தைக்குப் போனவளைத் தேடிக்கொண்டு போனேன். கதலி, இதரை, கப்பல் மூன்றிலும் ஒவ்வொரு சீப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, உதிலை எதிலை பொட்டாசியம் கூட?"

வியாபாரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை, உதுக்குள்ளை என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியாது. நேற்று வெட்டின குலை. அது தெரியும்."

"அப்ப நீங்கள் எவ்விடம் ஐயா?" என்று அவள் தொடங்க, நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அன்று ராசன் அண்ணையிடம் தனியாகச் சொன்னேன்: இவளை அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் நான் கோப்பை கழுவத்தான் போவேன். அவர் தலையைச் சொறிந்தார். "அனுப்பலாம் தங்கச்சி. ஆனால் பண்டத்தரிப்பாற்றை மகளுக்கு மாற்றம் கிடைச்சுதோ எண்டு எனக்கும் அறியவேணும்போலை கிடக்கு."

பரீட்சையை நாங்கள் சென்னைக்குப் போய்த்தான் எழுதினோம். பலாலியில் விமானம் ஏறினால் கதிரையில் முதுகு சாயமுதல் இறக்கிவிடுவார்கள். எனக்கும் அவளுக்கும் ஒரே நாள். இந்தப் பரீட்சையில் ஒரு கொடுமை உண்டு. கேள்விகளின் தொகை ஆளுக்கு ஆள் வேறு. நாங்கள் பாஸா, பெயிலா என்று கணினிக்குத் தெளிவாகிவிட்டால் அது நடுவிலேயே நின்றுவிடும். என்னுடையது நிற்கவே இல்லை. கடைசிக் கேள்விவரை இழுத்தடித்துவிட்டுத்தான் விட்டது. வெளியே வந்தால், அவள் எப்போதோ வந்து படிக்கட்டில் இருக்கிறாள். முகம் சிவந்திருந்தது.

"என்னடி, நேரத்தோடை நிண்டிட்டுதோ?"

"ஓமக்கா. கேள்வியை வெளியிலை சொல்லக்கூடாதெண்டு ஒப்பம் வாங்கினவங்கள், அதாலை நான் சொல்லமாட்டன். ஆனால் அந்தப் பிள்ளைத்தாச்சி பாவமக்கா. பிரசர் ஏறிக்கொண்டு நிக்கேக்கை மெசினை நிப்பாட்டிப் போட்டாங்கள். பிள்ளை பிறந்துதோ, இல்லையோ, ஒண்டும் தெரியேல்லை!"

தன் தலைவிதி என்னவாயிற்று என்று அவள் கேட்கவே இல்லை. இரண்டு நாளில் முடிவு வந்தது. அவள் பாஸ். நான் பெயில்.

அந்த ஞாயிறு ரியூட்டரிக்குப் போக எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருவரும் வரமுதல் போய், என் பயிற்சிக் கொப்பிகளை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று போனேன். மேலே ஏறினால், அவள் என்னுடைய கதிரையில் இருந்து, என்னுடைய கொப்பியையே வாசித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் பேக்கரியில் வாங்கிய இரண்டு பணிஸ்.

"உனக்குத்தான் எல்லாம் முடிஞ்சுதே. பிறகென்னத்துக்கு வந்தனீ?"

"உங்களை விசாரிக்க வந்தனான். இருங்கோ." கொப்பியை என் பக்கம் திருப்பினாள். "அக்கா, நீங்கள் பிழை விட்டதெல்லாம் ஒரே மாதிரி. வருத்தக்காரர் பயமாக் கிடக்கு எண்டு சொன்னால், நீங்கள் எல்லா இடத்திலையும் ஒரே விடைக்குத்தான் புள்ளடி போட்டிருக்கிறியள்."

பார்த்தேன். உண்மைதான். 'ஒன்றுக்கும் யோசிக்காதீர்கள், எல்லாம் சரிவரும்.' எங்கள் ஆஸ்பத்திரி வாட்டுகளில் நாள்தோறும் நூறு தடவை சொல்லும் வார்த்தை. 'ஒண்டுக்கும் யோசியாதேங்கோ' என்பதைவிட அன்பான வார்த்தை எங்களிடம் இல்லை. பரீட்சைக்காரர்களோ அதை நோயாளியின் வாயை மூடும் வேலை என்கிறார்கள். ஏன் பயம் என்று முதலில் கேட்க வேண்டுமாம்.

"நீங்கள் ஏனக்கா ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்கிறியளில்லை?"

எனக்குக் கோபம் வந்தது. "கேட்டால் நிண்டு கேக்கவேணுமடி! நாப்பது கட்டில். ஒரு கையிலை ஊசி, மற்றக் கையிலை சேலைன். நிண்டு கதை கேக்க எங்கை நேரம்?"

அவள் பணிஸை என் பக்கம் தள்ளினாள்.

"வாட்டிலை நாப்பது பேர், ஓம். கொம்பியூட்டரிலை ஒராள்தானே அக்கா இருக்கிறார்."

பன்னிரண்டு வருடத்தில் எத்தனை பேருக்கு அந்த வார்த்தையை நடந்துகொண்டே சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். அவர்களில் ஒருவருக்காவது என்ன பயம் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு பதினொரு ஞாயிறு அவள் வந்தாள். வாங்குப் பலகையில் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டு, "மிஸ்ஸி, எனக்குப் பயமாக் கிடக்கு" என்பாள். நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். கேட்காமல் ஆறுதல் சொன்னால் செத்துப்போனதுபோல நாக்கை வெளியே தள்ளிக் காட்டுவாள். முதலில் கடமைக்குக் கேட்டேன். நாளாக நாளாக எனக்கே அறிய ஆசை வந்துவிட்டது. அவள் ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொருத்தியாகப் படுத்தாள், ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு பயம் வைத்திருந்தாள். பன்னிரண்டாவது ஞாயிறு வாங்கு வெறுமையாக இருந்தது. வெள்ளிக்கிழமை விசா வந்து, சனிக்கிழமையே கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டாள்.

நான் தனியே சென்னைக்குப் போய் மூன்றாம் தடவை எழுதினேன். இந்த முறை கணினி நேரத்தோடு நின்றது. இரண்டு நாள் கழித்து, வாட்டின் மருந்து அறையில் நின்றபடி முடிவைப் பார்த்தேன். பாஸ். உடனே அழைப்பு எடுத்தேன். நாலு வருடமாக இந்த ஒரு செய்திக்காகக் காத்திருந்த என் கணவருக்கு அது இரண்டாவது அழைப்பாகத்தான் போனது. முதல் அழைப்பு விசாரணை மிஸ்ஸிக்குத்தான் போனது என்பதை அவர் இந்தப் பக்கத்தில் படித்துத்தான் அறியப்போகிறார். கோபித்தால் கோபிக்கட்டும்.