ஜப்பான் ரக்பி டீமுக்கு ஒரு தடியங்காய்

தாராவியில் என்னைத் தெரியாதவன் இருந்தால், அவன் இன்று காலையில்தான் ரயிலை விட்டு இறங்கியிருப்பான். அஞ்சாம் கிளாஸ் தாண்டாத நான் நடத்தும் தோல் பட்டறையில் தைத்த பை, இன்றைக்கு ஜப்பான்காரன் தோளில் தொங்குகிறது. (பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அடிக்கத்தான் செய்கிறேன்.) ஆனால் அந்த ஆர்டரை நான் வாங்கிய லட்சணத்தை மட்டும் என் வீட்டில் யாரும் மறக்கவிடுவதில்லை.

ஜப்பானில் ஒரு பெரிய கம்பெனி. தொழிலாளிகள் ஷிஃப்ட் முடிந்து ரக்பி ஆடுவதற்காகக் கம்பெனியே அந்தக் காலத்தில் ஒரு டீம் ஆரம்பித்ததாம். இப்போது அது சம்பளத்துக்கு ஆடும் பெரிய கிளப். ஆனாலும் மெஷினில் நின்று வேலை பார்த்துக்கொண்டே ஆடிய ஒருத்தர்தான் இன்றும் அதற்குத் தலைவர். இதைக் கேட்டதுமே முடிவு பண்ணிவிட்டேன். பட்டறையில் வளர்ந்த டீம் என்றால் அது நம்ம டீம்!

அவர்கள் பம்பாய்ப் பிள்ளைகளுக்கு ஆடிக் காட்ட வந்திருந்தார்கள். டீம் மேனேஜர் தாராவிக் கடை ஒன்றில் என் பையைப் பார்த்துவிட்டு, "செம்பூர் மைதானத்துக்குக் கொண்டுவாருங்கள், தலைவர் பார்த்து முடிவு சொல்வார்" என்றார். டீமில் அத்தனை பேருக்கும் என் பை! அப்போது பட்டறை ஈயோட்டிக்கொண்டிருந்தது. ஆட்கள் மான்குர்த் பக்கம் வேறு வேலை தேட ஆரம்பித்திருந்தார்கள். இந்த ஆர்டரும் இல்லையென்றால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்.

என் மகள் செல்வி காலேஜ் படித்தவள். இங்கிலீஷ் அவள் பொறுப்பு.

"எப்பா, பையக் குடுக்கணும், கும்பிடணும், ஓரமா நிக்கணும். அவ்வளவுதான், கேட்டியளா?"

"நான் என்ன சின்னப் பிள்ளையாட்டி?"

"சின்னப் பிள்ளைன்னா சொன்னதக் கேக்கும்லா!"

கேட்டிருக்கலாம். ஆனால் புது மெஷின் வந்தாலும் சரி, புது ஆர்டர் வந்தாலும் சரி, தடியங்காய் (வெள்ளைப் பூசணிதான்) சுற்றி உடைக்காமல் எங்கள் பட்டறையில் ஒரு ஊசி இறங்காது. அதனால் அவளுக்குத் தெரியாமல் ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டேன். துளை போட்டு, மஞ்சள், சுண்ணாம்பு, குங்குமம் எல்லாம் கரைத்து ஊற்றி அடைத்து, ரெடி.

மைதானத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொருத்தனும் பீரோ சைஸ். பந்து உருண்டையாக இல்லை, நீளவாக்கில் இருக்கிறது. அதை எவன் பிடித்தாலும் மற்றவர்கள் அவன் மேல் போய் விழுகிறார்கள். அடப்பாவிகளா, இந்த உடம்புகளுக்கு எத்தனை கண் பட்டிருக்கும்!

செல்வி மேனேஜரோடு பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பையை மைதானத்து நடுவில் வைத்தேன். சூடம் கொளுத்திக் காயைச் சுற்றினேன். அவ்வளவு பேரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மரியாதையாகப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சூடத்தைத் தட்டிவிட்டு, நாலடி பின்னால் போய், காயைத் தலைக்கு மேல் தூக்கி, பைக்கு முன்னால் உடைக்க ஒரு கத்து கத்திக்கொண்டு ஓடினேன்.

பைக்குப் பக்கத்தில் எதிரே நின்றவன் பீரோக்களிலேயே பெரிய பீரோ. தாரோ என்று பெயர். நீளவாக்கில் எதையோ தூக்கிக்கொண்டு ஒரு கிழவன் ஓடி வருகிறான், அவன் என்னதான் செய்வான்? கை இரண்டையும் நீட்டினான். நான் விட்டேன். பிடித்துவிட்டான். பிடித்தவன் மேல் விழுவதுதான் அவர்கள் பழக்கமாயிற்றே! அத்தனை பேரும் விழுந்தார்கள். அடியில் தாரோ, அவனுக்கு அடியில் காய், அதற்கும் அடியில் என் பை.

டொப்!

செக்கச்செவேல் என்று பீறிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அலறின. டாக்டர் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார். நாற்காலியிலிருந்த தலைவர் எழுந்துவிட்டார். "கூன் நஹீ! கும்கும் ஹை, கும்கும்!" என்று நான் கத்துகிறேன். (ரத்தமில்லை, குங்குமம் என்று ஜப்பான்காரனுக்கு இந்தியில் விளக்கம்!)

"எப்பா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கிய! ஆர்டர் போச்சு!" செல்வி அழுதேவிட்டாள். நானும்தான். கண்ணில் சுண்ணாம்பு பட்டுவிட்டது என்று சமாளித்தேன்.

தலைவர் வந்தார். தாரோ சிரித்துக்கொண்டே எழுந்ததும், அவனை விட்டுவிட்டுக் கீழே கிடந்த என் பையை எடுத்தார். கைப்பிடியை முறுக்கினார். தையலை நகத்தால் நோண்டினார். ஜிப்பைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பார்த்தார். ஒரு பொட்டு ஈரமில்லை. பிறகு ஏதோ கேட்டார்.

"இந்தக் காய உடைக்கது எதுக்குன்னு கேக்காரு" என்றாள் செல்வி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அவங்க மேல விழ வேண்டிய அடியெல்லாம் காய் மேல விழுந்துட்டுன்னு சொல்லுட்டி."

அவள் சொன்னாள். தலைவர் பையைத் தட்டிக்கொண்டே பதில் சொன்னார். "இது மேலயும்தான் அத்தன பேரும் விழுந்தாங்க, ஒரு தையல்கூட விடலயேங்காரு" என்ற செல்வியின் வாய் மூடவில்லை. ஆர்டர் அங்கேயே முடிவாயிற்று.

இப்போது எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்திலும் நான் திருஷ்டிக் காயைத் தொட்டால் போதும், கூட்டம் ரெண்டு பக்கமும் ஒதுங்கிவிடும். செல்வியைக் கட்டிய மாப்பிள்ளை மட்டும் கையை நீட்டிக்கொண்டு, "மாமா, பாஸ்!" என்று ஓடி வருவார். சிரிக்கட்டும். ஜப்பான் டீமுக்கே பாஸ் கொடுத்தவன் தாராவியில் என்னைத் தவிர எவன் இருக்கிறான்?

இதை நான் சொல்லும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி குரல் வரும்:

"அது மோர்க்குழம்புக்கு நான் வாங்கி வச்ச காயி. அன்னைக்கு எல்லாரும் வெறும் ரசந்தான் குடிச்சிய. அதையும் சேத்துச் சொல்லுங்க."