கன்னி மூலைக்கு ஓடிய தேசிக்காய்

லண்டன் வெம்பிளியில் மண் மணந்தது. மழை பெய்ததனால் அல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்து வாசலிலிருந்து கார் நிறுத்துமிடம் வரை இருநூறு தமிழர்கள் வரிசையில் நின்றார்கள், ஆளுக்கொரு டப்பா மண்ணோடு. ஐஸ்கிறீம் டப்பா, தயிர் டப்பா, பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி. வீட்டு வளவில் தோண்டியதைத் திருநீற்றைவிடப் பக்குவமாக மூடிக் கொண்டுவந்திருந்தார்கள். நாலாம் மாடியில் குடியிருப்பவர்கள் என்ன செய்வார்கள்? பூச்சட்டியைக் கிளறிக் கொண்டுவந்தார்கள். கடையில் மூட்டையாக வாங்கிய அந்த மண்ணிலும் முன்னோர் சாபம் இருந்தது.

உள்ளே மேடையில் இருந்தவர் 'பூமிநாடி' ஸ்ரீஸ்கந்தராஜா. மண்ணை மோந்து பார்த்து வீட்டின் தலைவிதியைச் சொல்பவர். முன்பு ஜெர்மனியில் தொலைபேசி அட்டை விற்றார். அட்டை வாங்க ஆளில்லாமல் போன பிறகுதான் பூமி அவரோடு பேசத் தொடங்கியது.

வரிசையில் நூற்றுப் பதினேழாவது ஆள் வாமதேவன். பாரிஸில் பன்னிரண்டு வருடம், லண்டனில் பதினைந்து வருடம் வீடு வீடாகத் தரைக்கு ரைல்ஸ் கல் பதித்தவர். அவர் பதித்த குளியலறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காது என்று தோர்ண்டன் ஹீத் முழுவதும் பேச்சு. அப்பேர்ப்பட்டவர் விடிய எழும்பி, பின்வளவில் ஒரு பிடி மண் தோண்டி, ரயிலேறி, லண்டன் பிரிட்ஜில் மாறி, மடியில் டப்பாவோடு வந்திருந்தார். வழியில் பக்கத்து இருக்கைக்காரி, "மத்தியானச் சாப்பாடா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டபோது ஓமென்று தலையாட்டினார். இந்தக் கதையில் தன்னைக் காப்பாற்ற வேண்டாம் என்பது வாமதேவனின் சொந்த வேண்டுகோள். ஆகவே அதையும் சொல்லிவைப்போம்.

விஷயம் இதுதான். அவருடைய வீட்டுக்குக் கீழே ஒரு நிலவறை. அதைத் திருத்தி மனைவி ஜெகதீஸ்வரிக்குத் தையல் அறை ஆக்குவதாகத் திட்டம். ஏழு வருடமாகப் படுக்கையறைக் கட்டிலின் காலடியில் மெஷினை வைத்துச் சாரி பிளவுஸ் தைக்கிறார் ஜெகதீஸ்வரி. அளவு பார்க்க வருகிற பெண்கள் கழிப்பறைக்குள் நின்றுதான் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தத் தடவை துணிந்துவிட்டார். சாண்ட்விச் தொழிற்சாலை வேலையை மாத முடிவோடு விடுவதாக எழுதியே கொடுத்துவிட்டார். வெட்டுகிற மேசை எங்கே, கண்ணாடி எங்கே, ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கட்டம் போட்ட தாளில் கீறி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியும் ஆயிற்று. கவுன்சில் அனுமதியும் வந்துவிட்டது.

மிச்சம் இருந்தது வாமதேவனின் பயம் மட்டும். அதைக் கிளப்பியவர் கூட வேலை செய்யும் பத்மநாதன். "வாமண்ணை, நிலத்துக்குக் கீழை கைவைக்கிறது சும்மா விளையாட்டில்லை. பூமிநாடியிட்டை ஒருக்காக் காட்டிப்போட்டுத் தொடங்குங்கோ" என்றார். பத்மநாதன் ஏற்கெனவே காட்டி, தன் கார் கராஜை மூன்று வருடமாகப் பூட்டி வைத்திருப்பவர்.

மண்டப வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், விலாசம், வந்த காரணம். வாமதேவன் கொட்டை எழுத்தில், 'பேஸ்மென்ற் திருத்துவதற்கு' என்று எழுதிக் கொடுத்தார். அரை மணித்தியாலம் கழித்து பூமிநாடி அவருடைய மண்ணை மோந்து, கண்ணை மூடி, மெல்லிய குரலில் சொன்னார்.

"நிலத்துக்குக் கீழை... ஒரு அறை தெரியுது."

வாமதேவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தான் எழுதிக் கொடுத்ததைத் தனக்கே வாசித்துக் காட்டிய ஒருவரை அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அடுத்த வாரம் பூமிநாடி வீட்டுக்கே எழுந்தருளினார். சால்வையைச் சரிசெய்துகொண்டு நிலவறைப் படிகளில் இறங்கினார். பையிலிருந்து ஓர் எலுமிச்சையை, ஊர்ப் பேச்சில் தேசிக்காயை, எடுத்தார். நடு அறையில் வைத்து, ஒரு விரலால் பிடித்தபடி எதையோ முணுமுணுத்து, விரலை எடுத்தார். தேசிக்காய் அசைந்தது. பிறகு உருண்டது. சொல்லிவைத்தாற்போல் நேரே தென்மேற்கு மூலைக்குப் போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"கன்னி மூலை" என்றார் பூமிநாடி. "பாத்தனீங்களோ? ஒரு பொம்பிளை ஆவி. இழுக்கிறாள். இந்த அறையிலை ஒரு பெண் ஊசி தூக்கினாளோ, அண்டைக்கே ரத்தம்."

பரிகாரமும் கையோடு வந்தது. இருபத்தொரு செப்புத் தகடுகளை அவரிடமே வாங்கிப் புதைக்க வேண்டும். அதற்கு மேல் சனிக்கிழமை ஒரு சாந்திப் பூசை. திங்கட்கிழமை அறை முழுவதையும் கூரை வரை கொங்கிறீற்றால் நிரப்பிவிட வேண்டும். வாமதேவன் எத்தனை கனமீற்றர் தேவைப்படும் என்று அந்த இடத்திலேயே கணக்குப் போட்டு, லொறிக்கும் சொல்லிவிட்டார். தொழில் தெரிந்த மனிதர் அல்லவா, மடைத்தனத்தையும் அளவு பிசகாமல் செய்தார்.

ஜெகதீஸ்வரி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சாருங்கோ, நான் வேலையை விடுறனெண்டு எழுதிக் குடுத்திட்டன். என்ரை இடத்துக்கு ஆளும் எடுத்திட்டாங்கள். அறையை மூடிப்போட்டு என்னை என்ன செய்யச் சொல்லுறியள்?"

"உம்மடை உயிரைவிட வேலை பெரிசோ? தேசிக்காய் தானா ஓடினதை ரெண்டு கண்ணாலையும் பாத்தனான்."

"நானும் பாத்தனான். போன மாதம் அறை அளக்கேக்கை என்ரை நூற்கட்டை கைதவறி விழுந்து அந்த மூலைக்குத்தான் போனது."

"பாத்தீரோ! அப்பவே இழுத்திருக்கிறாள்!" என்றார் வாமதேவன். ஜெகதீஸ்வரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒன்றையும் காட்டாமல் போய் மெஷினின் முன் இருந்தார்.

சனிக்கிழமை வந்தது. வீடு கொள்ளாத சனம். நிலவறைக்குள் இருபது பேர், படிக்கட்டில் பத்துப் பேர், மேலே சமையலறையில் வடைக்குக் காத்திருந்தவர்கள் தனி. எல்லாருடைய கையிலும் தொலைபேசி, ஆவி வந்தால் படம் எடுப்பதற்கு. நடுவில் பூமிநாடி தேசிக்காயை வைத்தார், விரலை எடுத்தார், அது மூலைக்கு ஓடியது. சனம் "அரோகரா" என்றது. பத்மநாதன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போது ஜெகதீஸ்வரி முன்னுக்கு வந்தார்.

"சாமி, ஒரு கேள்வி. தேசிக்காய் மட்டுந்தான் ஓடுமோ?"

"தேசிக்காய்க்கு உயிர் இருக்குத் தங்கச்சி. அதுதான் ஆவிக்குக் கட்டுப்படும்."

ஜெகதீஸ்வரி சட்டைப்பையிலிருந்து ஒரு நூற்கட்டையை எடுத்து வைத்தார். ஓடியது. மீன் அடைத்த ரின் டப்பா ஒன்றைச் சரித்து வைத்தார். அதுவும் கடகடவென்று அதே மூலைக்குப் போனது. யாரோ சிரித்தார்கள். ஆனால் பூமிநாடி இருபது வருட அனுபவஸ்தர்.

"பாத்தீங்களோ!" என்று குரலை உயர்த்தினார். "ரின்னையும் விடுறாள் இல்லை! நான் நினைச்சதைவிடப் பலமான ஆவி. இருபத்தொரு தகடு காணாது. நாப்பத்திரண்டு வேணும்."

சனம் முன்னிலும் பலமாக அரோகரா போட்டது. வாமதேவனும் போட்டார். இன்னும் இருபத்தொரு தகட்டுக்கு மனத்துக்குள் தலையும் ஆட்டிவிட்டார்.

ஜெகதீஸ்வரி பின்வாங்கவில்லை. "அவ்வளவு பலமெண்டால், தரைக்கு மேலை ஒரு பலகை போட்டாலும் இழுப்பாளோ சாமி?"

"பலகையோ? ஏழு சுவருக்கு அங்காலை நிண்டும் இழுப்பாள்!"

"எல்லாரும் கேட்டனீங்கள்தானே?" என்று சனத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சுவரோரம் சாத்தியிருந்த ஒட்டுப்பலகையை இழுத்து நடுவில் போட்டார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "இஞ்சாருங்கோ, உங்கட லெவலை எடுத்து இந்தப் பலகையை மட்டமாக்கித் தாங்கோ. மந்திரம் ஒண்டும் வேண்டாம். சனத்தின்ரை வீடுகளிலை செய்யிற மாதிரிச் செய்யுங்கோ, காணும்."

வாமதேவன் சாமியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தபிறகு மறுக்கத் துணிவு வரவில்லை. கருவிப் பெட்டியிலிருந்து ரசமட்டத்தை எடுத்து, முழங்காலிட்டு, பலகையின் மேல் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் காற்றுக்குமிழி நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கியது. தாழ்ந்த பக்கத்தில் ஆப்பைச் சொருகினார். ஒன்று, இரண்டு, மூன்று. எத்தனை ஆப்பு என்று பார்த்தபோது அவருடைய கை அப்படியே நின்றுவிட்டது. மீற்றருக்கு இருபது மில்லிமீற்றர் சரிவு. ஒரு மில்லி கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. லண்டனில் அவர் போட்ட அத்தனை குளியலறைகளுக்கும் அவர் வைக்கிற சரிவு.

குமிழி நடுவில் நிற்பதைப் பார்த்துவிட்டு எழும்பினார்.

ஜெகதீஸ்வரி பலகையின் நடுவில் தேசிக்காயை வைத்து விரலை எடுத்தார். அது நின்றது. முப்பது பேர் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். அது பாட்டுக்கு நின்றது.

"ஆவிக்குக் களைப்பு" என்றார் பூமிநாடி. "பொறுங்கோ, உச்சாடனம்..."

"செய்யுங்கோ சாமி, அவசரமில்லை."

அவர் உச்சாடனம் செய்தார். வியர்த்தார். தேசிக்காய் அசையவில்லை. ஜெகதீஸ்வரி குனிந்து, மூலைப்பக்கம் இருந்த ஆப்புகளுக்கு மேல் இன்னும் நாலைச் சொருகினார். தேசிக்காய் மெல்லத் திரும்பி, மூலையை விட்டு எதிர்ப்பக்கமாக உருண்டு, நேரே பூமிநாடியின் காலடியில் போய் விழுந்தது.

"ஆவி இப்ப உங்களிட்டை வருது சாமி" என்றார் ஜெகதீஸ்வரி. "உங்களுக்கு எத்தினை தகடு?"

படிக்கட்டில் சிரிப்பு வெடித்தது. ஆனாலும் பத்மநாதன் விடவில்லை. "அது பலகை அக்கா. தரை ஏன் அந்த மூலைக்குச் சரிஞ்சு கிடக்குது? அதுவும் அவளின்ரை வேலைதானே?"

பூமிநாடி அந்தக் கயிற்றை எட்டிப் பிடித்தார். "அதைத்தான் நானும் சொல்லுறன்! தரையையே சரிச்சிருக்கிறாள்!"

சனம் மறுபடியும் குழம்பியது. சிலருடைய கை கன்னத்துக்குப் போகத் தொடங்கியது. வாமதேவன் ரசமட்டத்தைக் கருவிப் பெட்டியின் மேல் வைத்தார். வாயை மூடிக்கொண்டு நின்றால் அறை மூடப்படும், ஆனால் தொழிலில் தன் பெயர் தப்பும். திறந்தால் இருபத்தேழு வருடப் பெயர் இந்தப் படிக்கட்டிலேயே சிரிப்பாய்ச் சிரித்துப்போகும். ஜெகதீஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கண்ணில் கெஞ்சல் இல்லை, அதுதான் அவரைச் சுட்டது.

"அவள் சரிக்கேல்லை" என்றார் வாமதேவன். "நான்தான் சரிச்சனான்."

"என்ன?"

"ஆறு வருசத்துக்கு முந்தித் தெருக்குழாய் உடைஞ்சு இதுக்குள்ளை தண்ணி வந்தது. தண்ணி ஓடிவாறதுக்காக அந்த மூலைக்குச் சரிவு வைச்சு நான்தான் தரை ஊத்தினனான். மூலையிலை குழி தோண்டிப் பம்ப் வைச்சனான். குழாயைத் திருத்தினாப்பிறகு பம்பைக் கழட்டி, குழியையும் மூடினனான். மீற்றருக்கு இருபது மில்லி. இது என்ரை கை வேலை, நானே மறந்துபோனன்." தரையைக் காலால் தட்டிக் காட்டினார். "நான் ஊத்தின தரையிலை தேசிக்காய் உருண்டதைப் பாத்து நானே கும்பிட்டிருக்கிறன். இப்ப நல்லாச் சிரியுங்கோ."

சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் பூமிநாடி படியேறிப் போனதை யாரும் கவனிக்கவில்லை. லண்டனில் நூறு வருடப் பழைய வீடு ஒன்றில்கூடத் தரை மட்டமாக இருக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய முழுச் சாஸ்திரமும் அவ்வளவுதான். வாமதேவன் லொறிக்காரனுக்கு அழைத்து, கொங்கிறீற் வேண்டாம் என்றார். திங்கட்கிழமையே தரையை மட்டமாக்கித் தருவதாக மனைவியிடம் சொன்னார். "நாளைக்கு ஞாயிறு, நாளைக்கே செய்தால் என்ன?" என்று மட்டும் கேட்டார் ஜெகதீஸ்வரி.

கதை இத்தோடு முடிந்திருந்தால் தமிழர்கள் திருந்திவிட்டார்கள் என்று எழுதிவிட்டுப் போகலாம். சனம் கலையும்போது பத்மநாதன் வாமதேவனின் பக்கத்தில் வந்தார். கருவிப் பெட்டியின் மேல் இருந்த ரசமட்டத்தைப் பயபக்தியோடு தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் தங்கள் முறைக்குக் காத்து நின்றார்கள்.

"வாமண்ணை, நல்ல சக்தியான சாமான். எங்கட கராஜுக்கும் ஒருக்கா இதைக் கொண்டந்து காட்டுங்கோவன். காணிக்கை என்ன மாதிரி?"

வாமதேவன் ரசமட்டத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"உது சக்தியில்லையடா, தண்ணிக்குள்ளை ஒரு காத்துக்குமிழி. எந்தச் சாமான் கடையிலையும் விக்கிறாங்கள். ஒண்டை வாங்கித் தரையிலை வைச்சு, நீங்களே குனிஞ்சு பாருங்கோ. அந்தாளின்ரை காலிலை விழக் குனிஞ்சதிலை பாதி குனிஞ்சாலே காணும்!"